ஆடாத இறுதிப் போட்டி

எங்கள் பள்ளியின் ஆண்டு மலரில், நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடத்து விளையாட்டு அறிக்கையில், இப்படி ஒரு வரி இருக்கிறது: "மகளிர் கோ-கோ அணி மாவட்ட இறுதிப் போட்டியில் கடுமையாகப் போராடி, நூலிழையில் வெற்றியைத் தவறவிட்டது." நான் விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். நூலிழை எவ்வளவு கனம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் போட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது நூலிழை இல்லை. திருத்தணிக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் இருக்கிற அத்தனை கிலோமீட்டரும்தான். நாங்கள் போகவே இல்லை. போகாத இடத்தில் எப்படிக் கடுமையாகப் போராடினோம் என்பதை அந்த மலரை அச்சடித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அறிக்கையில் வராத மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் தையும் மாசியும் எங்கள் பள்ளியில் விளையாட்டுக் காலம். சதுரங்கத்தில் ஒரு பையன் மூன்றாம் இடம் வாங்கினான். பஸ் ஸ்டாண்டு எதிரில் அவனுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவன் முகத்தைவிடத் தாளாளர் முகம் பெரிதாக இருந்தது. இறகுப்பந்து ஆடினவர்களுக்குப் புது பேட் வந்தது. கோ-கோ ஆடின எங்களுக்கு இடம்கூடக் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் மைதானம் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. அதில் பாதியில் பள்ளிப் பேருந்துகள் நான்கு நிற்கும். மீதிப் பாதியில் பி.டி. மிஸ் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். மறுநாள் காலையில் பேருந்துகள் திரும்பும்போது டயர் பட்டு எல்லாக் கோடும் அழிந்துவிடும். மிஸ் மறுபடியும் போடுவார். குனிந்து கோடு போட்டுக்கொண்டே எங்களைத் திட்டுவார்.

பி.டி. மிஸ் ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். வயது இருபத்தைந்துகூட இருக்காது. பேச்சு கம்மி, விசில் அதிகம். தப்பாக உட்கார்ந்தால் முதுகில் ஒன்று வைப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் அவர் விசில் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும்.

அரையிறுதியில் பெரிய பள்ளி ஒன்றோடு மோதினோம். அந்தப் பெண்களுக்கு முழங்காலுக்கு உறை, காலுக்கு ஷூ, தண்ணீர் குடிக்கத் தனித்தனி பாட்டில். நாங்கள் வெறுங்கால். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கடைசியாக ஓடிக்கொண்டிருந்த பெண்ணைக் கம்பத்துக்குப் பக்கத்தில் பாய்ந்து தொட்டது நான். முழங்கை இரண்டும் தோல் உரிந்து போனது. மிஸ் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மஞ்சா வெச்சிக்கோ" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறுதிப் போட்டி.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்த நாள். எங்கள் அத்தை மகனுக்கு, நாங்கள் பாவா என்று கூப்பிடுகிறவருக்கு, அன்றைக்குத்தான் மலைக்கோயிலில் கல்யாணம். நான் வரமாட்டேன், எனக்குப் போட்டி இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியை அப்படியே அடுப்பு மேடையில் வைத்தாள்.

"ஓடிப் புடிச்சி வெளாட்றதுக்காவ சொந்தக் கல்யாணத்த வுட்டுட்டுப் போறியா? அத்த மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

நைனாதான் எனக்காகப் பேசினார். "போவட்டும் வுடு. கல்யாணம் அவனுக்குத்தான, இவளுக்கா? ஜெயிச்சிகினு வந்து மண்டபத்துலயே சாப்புடட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அன்று இரவு அவர் தட்டில் என் பங்கு அப்பளத்தையும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் பள்ளி வாசலில் நின்றோம். எல்லார் பையிலும் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ இருந்தது. மிஸ் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளி கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் நடந்தார். மூன்று பேருந்துகள் வழக்கம்போலப் பிள்ளைகளை ஏற்றிவரக் கிளம்பிப் போயின. நான்காவது உபரி வண்டி, போட்டிகளுக்கு எங்களை ஏற்றிப் போகிற வண்டி. அதை மட்டும் காணோம். ஏழு மணிக்கு மிஸ் எங்கள் பக்கம் வந்தார்.

"பஸ் ரிப்பேராம். எல்லாரும் கிளாசுக்குப் போங்க."

யாரும் நகரவில்லை. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"மிஸ், ட்ரெயின்ல போலாம் மிஸ். ஸ்டேஷன் தோ கீது. ஒம்போது மணிக்குள்ள போய்டலாம் மிஸ்."

"முடியாது."

"ஏன் மிஸ்?"

"கேள்வி கேக்காத. போன்னா போ."

அந்த நேரத்தில் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மிஸ்ஸின் கழுத்தில் தொங்கின விசிலைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. மற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தேன். வீடு பூட்டியிருக்கும். போக்கிடம் கல்யாண மண்டபம் ஒன்றுதான்.

மண்டபம் மலையடிவாரத்தில் இருந்தது. முகூர்த்தம் முடிந்து மேலேயிருந்து எல்லாரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்து வாசலில், நிழல் பார்த்து, எங்கள் பள்ளிப் பேருந்து நின்றது. முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாழைக்கன்று. பள்ளிப் பெயர் இருக்கிற இடத்தை மறைத்து, பாவாவும் புதுப்பெண்ணும் சிரிக்கிற பேனர். டிரைவர் அண்ணன் நெற்றியில் விபூதியும் சந்தனமும் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தாம்பூலப் பையை மாட்டிவிட்டு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரிப்பேர் ஆன வண்டிக்கு என்ன ஒரு கோலம்.

நைனா பட்டு வேட்டியில் ஓடிவந்தார். என் பனியனில் குத்தியிருந்த எண்ணைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பாத்தியா கண்ணு? முகூர்த்தத்துல ஒரு வேனும் கெடைக்கல. கடைசில உங்க ஸ்கூல் பஸ்ஸயே புடிச்சிட்டேன். பள்ளிப்பட்டுலேர்ந்து மாப்ள வூட்டார் மொத்தமும் அதுலதான் வந்தாங்க." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "ஆமா, நீ இன்னா இங்க? போட்டி?"

"பஸ் ரிப்பேராம், நைனா" என்றேன்.

நைனா பேருந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பேருந்தைப் பார்த்தார். "சும்மா நிக்கிற வண்டின்னுதானம்மா ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். பட்டு வேட்டி கட்டின மனிதர் அவ்வளவு சின்னதாகிப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடனே பள்ளிக்குப் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினார். அம்மாதான் கையைப் பிடித்தாள். பெண் இன்னும் ஒரு வருடம் அங்கே படிக்க வேண்டும், பத்தாம் வகுப்பு, வீணாகப் பகை வேண்டாம் என்றாள். நைனா நின்றுவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. இருந்தாலும் பந்தியில் உட்கார்ந்து இட்லியும் வடையும் கேசரியும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கோபத்துக்கும் பசிக்கும் சம்பந்தம் இல்லை.

பேருந்து எங்கே போயிருந்தது என்று அணியில் ஒருத்தியிடமும் நான் சொல்லவில்லை. பதினோரு பேரின் போட்டியை என் வீட்டுக் கல்யாணம் தின்றது என்று எந்த வாயால் சொல்வது? பேருந்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மிஸ்ஸைத் திட்டுவேன். எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். ட்ரெயினில் கூட்டிப்போக வக்கில்லாத மிஸ். திட்டத் திட்ட எனக்கு மனசு லேசானது.

ஆண்டு விழா மாசிக் கடைசியில் நடந்தது. பந்தல், நாற்காலி, சிறப்பு விருந்தினர், எல்லாம் குறைவில்லை. விளையாட்டு அறிக்கையை பி.டி. மிஸ் வாசித்தார். சதுரங்கத்துக்குக் கைதட்டல். இறகுப்பந்துக்குக் கைதட்டல். கோ-கோ என்று வந்ததும் மிஸ் கொஞ்சம் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு அந்த நூலிழை வரியை வாசித்தார். பந்தலே கைதட்டியது. தாளாளரும் தட்டினார், வண்டியை அனுப்பின அதே கையால்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்து எழுந்ததில்லை.

"மிஸ், நாம ஆடவே இல்ல மிஸ்."

கைதட்டல் அடங்கின நேரம். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு, ஒலிபெருக்கியை விட்டு விலகாமல், "ஆமா. நாம போகல. நீ உக்காரு" என்றார். அடுத்த நொடி யாரோ பாட்டுப் போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் நடனத்துக்கு மேடை ஏறினார்கள்.

திங்கட்கிழமை பிரின்சிபால் மேடம் எங்கள் பன்னிரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்துப் போனோம். மேடம் எங்களை உட்காரச் சொன்னார். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்.

"உங்க கோபம் நியாயம்தாம்மா. அதான் கேக்கறேன். பஸ்ஸு எங்க போச்சு, ஏன் வரலன்னு அதெல்லாம் வேணாம். மிஸ் அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னாங்க, அத மட்டும் எழுதுங்க."

பஸ் வேண்டாம் என்றதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நைனா தப்பித்தார். நான் இரண்டு பக்கமும் நிறைய எழுதினேன். பேருந்து ரிப்பேர் என்று மிஸ் பொய் சொன்னார். ரயிலில் போகலாம் என்று நாங்கள் கேட்டும் மறுத்தார். காரணம் கேட்டதற்கு அதட்டினார். ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். மேடம் என் தாளை மேலே வைத்துக்கொண்டார்.

மிஸ் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. மைதானத்தில் கோடு போட ஆள் இல்லாததால் பேருந்துகள் முழு இடத்தையும் எடுத்துக்கொண்டன. நியாயம் ஜெயித்துவிட்டது என்று நான் அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னவருக்கு வேலை போனது, சரிதானே?

போன வருடம் பள்ளிப்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். அடையாளம் கண்டுபிடித்தது அவர்தான். பக்கத்தில் இடம் கொடுத்தார். ஆர்.கே.பேட்டையில் தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம் எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லையாம். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டதற்கு, பன்னிரண்டு புகார்க் கடிதத்தின் நகலைக் கொடுத்தார்களாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊர்ப் பேச்சு போலச் சொன்னார்.

நான் ரயிலைப் பற்றிக் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

"முந்தின நாள் சாயந்தரமே தாளாளர்கிட்ட கேட்டேம்மா. டிக்கெட் நானே எடுக்கறேன்னேன். ஸ்கூல் பஸ் இருக்கறப்ப ஏன் ட்ரெயின்னு ஊரே கேக்கும், ஒரு பொண்ணு ட்ரெயின்ல கால் வெச்சாலும் உன் வேல போச்சுன்னாரு. சரி, காலைல மனசு மாறுவாரோன்னு உங்கள வரச் சொல்லிட்டேன்."

"அப்போ ரிப்பேர்னு ஏன் சொன்னீங்க, மிஸ்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பஸ்ஸு உங்க வூட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கீதுன்னு எனக்குத் தெரியும். அத சொன்னா அந்தப் பதினோரு பொண்ணுங்களும் உன்ன சும்மா வுடுவாங்களா? அதான்."

ஆர்.கே.பேட்டை நிறுத்தம் வந்தது. துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் இறங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தபோது கண்டக்டர் விசில் அடித்துவிட்டான்.

அந்தத் தாளாளர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்றைக்கும் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் போட்டியை விற்றார், பிறகு எங்கள் கோபத்தையே எங்களிடம் எழுதி வாங்கி, அதை வைத்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தார். ஆனால் மேலே வைத்த தாள் என்னுடையது. பேருந்து எங்கே போனது என்று அந்தப் பன்னிரண்டு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் நைனாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் அதை விட்டுவிட்டு எழுதினேன். அதே காரியத்தைத்தான் எனக்காக மிஸ்ஸும் செய்திருந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நான் அதற்குப் பொய் என்று பெயர் வைத்து, அழகான கையெழுத்தில், முதல் வரியாக எழுதியிருந்தேன்.