இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்த புண்

கோவிட் தடுப்பூசியின் இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் காலை, தேநீர் குடித்ததும் நாக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புண். உதட்டின் உள்பக்கம் இன்னும் இரண்டு.

எனக்கு உடனே அப்பாவின் வாய்தான் நினைவுக்கு வந்தது. பாலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுத்தவர். புகையிலை போடுவார். வாயில் வந்த புண்ணைச் சூடு என்று சொல்லியே விட்டுவிட்டார். கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. நான் புகையிலையைத் தொட்டதே இல்லை. ஆனாலும் நாக்கை மறுபடி நீட்டிப் பார்த்தேன்.

கணவரிடம் சொல்லவில்லை. செமிலிங்கில் எங்கள் வீட்டிலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்கு வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தேன். அங்கே நாள் முழுக்க முகக்கவசம், யாருக்கும் தெரியாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார்கள்: "ஊசி போட்டவங்களுக்கு நாக்கு அழுகுதாம்." கழிவறைக்குள் நின்று அதை மூன்று முறை கேட்டேன்.

ஐந்தாம் நாள் எனக்கு லீவு. மத்தியானம் கணவர் என் தட்டில் அப்படியே கிடந்த மிளகாய்ச் சம்பாலைப் பார்த்தார்.

"என்னம்மா, சம்பால தொடவே இல்ல? வாயத் தொற."

அழுதுவிட்டேன். அவர் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நாளைக்குக் கிளினிக் போவோம்லா."

"கேன்சரா இருந்தா?"

"தெரியாமலே பயந்துகிட்டு இருக்கப் போறியா?"

பல் டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயது. புண்ணைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஊசி போட்டப்புறம் வாய்ல புண்ணு வந்துச்சுன்னு சில பேரு சொல்றாங்க ஆன்ட்டி. உங்களுக்கும் அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. தூக்கம் இல்லாட்டியும் வரும். பாக்க சாதாரணப் புண்ணாத்தான் இருக்கு. ரெண்டு வாரத்துல ஆறலன்னா கண்டிப்பா வாங்க."

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் மறுபடி உட்கார்ந்து நாக்கின் அடியிலும் கழுத்திலும் தடவிப் பார்த்தார்.

"அப்பா எவ்வளவு நாள் கழிச்சுக் காட்டினாங்க?"

"எட்டு மாசம்."

"நீங்க புண்ணு வந்த நாலாம் நாளே வந்துட்டீங்க."

பூசக் களிம்பு கொடுத்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. தினமும் விடிந்ததும் புண்ணைத்தான் முதலில் பார்த்தேன். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் வெள்ளை சுருங்கியது. பன்னிரண்டாம் நாள் எரிச்சல் இல்லை.

மூன்றாவது ஊசிக்கு அழைப்பு வந்தபோது போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு போனேன். போன தடவை ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று ஊசி போடும் மிஸி கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். ஊசி ஏறும்போது கணவரின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த முறை கை மட்டும்தான் வலித்தது.