மழையைக் கேட்டு வராதவர்

போடி மைதானத்தில் வில் பழக வந்த எங்களில் அவர்தான் மூத்தவர், ஏலக்காய்க் கடைக்காரர். சேலையை இழுத்துச் செருகி, தலையில் பாலித்தீன் பையை மாட்டியிருப்பார். ஏலக்காய்ச் சாக்கிலிருந்து உருவிய சணல் இழையை வில்லில் கட்டி, அது காற்றில் பறக்கும் பக்கம் பார்த்து, அதற்கேற்பச் சற்றுத் தள்ளிக் குறிபார்ப்பார்.

ஒருநாள் கோடை மழை திடீரென்று இறங்கியது. மற்ற எல்லோரும் கூரைக்கு ஓடினோம்; அவர் மட்டும் கோட்டிலேயே நின்றார். "அக்கா, மழை வரும்னு போன்ல அப்பவே போட்டிருந்தாக, வாங்க!" என்று கத்தினேன்.

"அது என்னையக் கேட்டா வருது? நான் மட்டும் எதுக்கு அதக் கேட்டு வரணும்?"

இழை நனைந்து வில்லோடு ஒட்டிக்கொண்டது. எய்த அம்பு சேற்றில் விழுந்தது. நிதானமாக நடந்துபோய் எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி கோட்டில் வந்து நின்றார். அன்று ஒன்றுகூடக் குறியில் படவில்லை. பிறகு ஏன் நனையாமல் நின்ற எனக்கு, நான்தான் தோற்றுப்போனது போல இருந்தது?