ஹால் சுவரும் கக்கூஸ் கதவும்

பாகூர்ப் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த மரத்தையெல்லாம் தோட்டத்தில் தென்னை மரத்தடியில் அடுக்கி வைத்திருந்தோம். விறகுக்குத்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லியனூரில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த என் மகள் ஒரு நாள் வந்து அதைப் பார்த்தாள்.

"ஹால்ல ஒரு செவுரு சும்மா கெடக்குதும்மா. நீயோ சின்னம்மாவோ இந்த மரத்துல ஏதாவது பண்ணிக் குடுங்க, மாட்டிக்கிறேன்."

எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. சின்னம்மா என்பது என் கொழுந்தனார் மனைவி, என் ஓர்ப்படி. பழைய வீட்டில் ஒன்றாகத்தான் இருந்தோம். இப்போது நடுவில் ஒரு மதில். பெற்றவளைக் கேட்டால் போதாதா? அவளையும் எதற்கு இழுக்க வேண்டும்? சின்ன வயதிலிருந்தே இவளுக்குச் சின்னம்மா பின்னிவிட்டால்தான் ஜடை, சின்னம்மா பிசைந்தால்தான் சோறு. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஹால் சுவர் எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நடுவீட்டுக் கதவை எடுத்தேன், நல்ல தேக்கு. தோள்பட்டை கழன்றுவிடும்போல உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பழைய பெயின்ட் ஒரு பொட்டுக்கூட தெரியக் கூடாது. ஆணி ஓட்டைகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். மகள் வீட்டுக்குச் சீரோடு சீராகப் போகிற பொருள். ஓட்டையும் உடைசலுமாகக் கொண்டுபோனால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்? துண்டுகளை இதழ் இதழாக அறுத்துத் தாமரையாக ஒட்டி, வார்னிஷ் மேல் வார்னிஷ் அடித்தேன். பார்த்தால் முகம் தெரிந்தது.

ஓர்ப்படி என்ன செய்கிறாள் என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வெளுத்துப்போன பச்சைப் பலகை ஒன்றைப் பட்டை பட்டையாக அறுத்து, சூரியன் உதிக்கிற மாதிரி விரித்து அடித்துக்கொண்டிருந்தாள். தேய்க்கவும் இல்லை, பூசவும் இல்லை. உரிந்த பெயின்ட் உரிந்தபடியே இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோட்டத்துக் கக்கூஸ் கதவு அது! நல்லா மாட்டிக்கிட்டாடி என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதுமனை புகுவிழாவுக்குத் தட்டுகளோடு உள்ளே நுழைகிறேன், ஹால் சுவரில் பச்சைச் சூரியன் தொங்குகிறது. என் தாமரையைத் தேடினேன். படுக்கையறைக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"உன்னோடது ரொம்ப நீட்டா இருக்குதும்மா, கடையில வாங்கினது மாதிரி. பெட்ரூம்ல மாட்டிக்கிறேன்" என்றாள் மகள்.

கடையில் வாங்கினது மாதிரியாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அங்கே சம்பந்தியம்மா சூரியனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அழகா இருக்குது! யாரு பண்ணாங்க?"

"எங்க ஓர்ப்படிதாங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எங்க பழைய வூட்டுக் கக்கூஸ் கதவுங்க அது."

சம்பந்தியம்மா வெடுக்கென்று கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். ஓர்ப்படி தலையைக் குனிந்துகொண்டு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மகள் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தக் கதவுதான் வேணும்னு நான்தாம்மா கேட்டேன். சின்னம்மா வேணாம்னுதான் சொன்னாங்க."

"உனக்கு இன்னாடி பைத்தியமா? அவ்ளோ மரம் கெடக்குது, கக்கூஸ் கதவுதான் கெடச்சிதா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் வயசுக்கு வந்தது அங்கதானே. இன்னான்னே புரியாம தாப்பா போட்டுக்கிட்டு உள்ளயே அழுதுக்கிட்டிருந்தேன். சின்னம்மா வெளிய நின்னு கதவுமேல கைய வெச்சிக்கிட்டு பேசிக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணுமில்லடி, எல்லாருக்கும் வர்றதுதாண்டின்னு. அப்புறம்தான் தொறந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓர்ப்படி ஓடிவந்து, "அக்கா, பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா" என்றாள். எதிலும் முந்திக்கொண்டு மூக்கை நுழைக்கிறவள், இதிலும் நுழைத்திருக்கிறாள் என்று அன்றிலிருந்து அவளை உள்ளுக்குள் திட்டாத நாள் இல்லை.

"நான் வூட்லதானடி இருந்தேன்" என்றேன். "அவ எதுக்கு வந்து நின்னா?"

மகள் அடுப்பில் பொங்கி வழிந்திருந்த பாலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அவங்களா வரலம்மா. நான்தான் கூப்ட்டேன்."