கிருதா துரையும் எங்கள் தெருக் கிணறும்

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது, மாநிலத்துக்குப் புதுப் பெயர் வந்த அதே 1969இல். மாதம் ஆகஸ்டா செப்டம்பரா என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை தகராறு. காலாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நினைவு எனக்கு இருப்பதால் செப்டம்பர் என்றே குறித்து வைத்திருக்கிறேன். அவன் ஒப்புக்கொள்வதில்லை. அப்போது அவனுக்கு மூன்று வயது. அவன் சாட்சி செல்லாது.

உண்மையில் குழாய் அதற்கு முந்தின வருடமே வந்திருக்க வேண்டும். வராமல் தடுத்தவர் என் மாமா. தடுக்கும் வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்து முடித்த ஓர் அரசியல்வாதி.

மாமா அம்மாவின் தம்பி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக வேலை கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயிலேறி மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய புத்தகங்கள் வாங்கி வருவார். அப்படி வந்ததுதான் அந்த அரசியல்வாதியின் தடித்த வாழ்க்கை வரலாறு. முதல் பக்கத்தில் துரையின் படம்: காதிலிருந்து தாடை வரை இறங்கிய கிருதா, புளிப்பான எதையோ கடித்துவிட்ட முகம். அம்மா பார்த்த மாத்திரத்தில் “கிருதா துரை” என்று பெயர் வைத்துவிட்டாள். நிஜப் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பின்னாளில் நான் புரட்டிய கலைக்களஞ்சியங்கள் எதிலும் அவருக்கு இரண்டு வரிகூட ஒதுக்கவில்லை.

துரை பண்ணையார் வீட்டுப் பிள்ளை. முதல் தேர்தலில் தோற்று, அடுத்ததில் ஜெயித்து, பிறகு ஆயுள் முழுவதும் பார்லிமெண்டில் பழமைக் கட்சியின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர். தொழிலாளிக்கு ஓட்டு வேண்டும் என்றார்கள். துரை இப்போது வேண்டாம் என்றார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் என்றார்கள். அதுவும் இப்போது வேண்டாம். கூடாது என்ற சொல்லை மட்டும் அவர் வாயில் கேட்டவர் கிடையாது. அதுதான் மாமாவை மயக்கியது. இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாம், ஒரு கமிட்டி போடலாம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பாராம். மசோதா தண்ணீர் ஊற்றாத செடி மாதிரி தானாக வாடிவிடுமாம். இதைச் செய்தே மந்திரியாகவும் ஆகிவிட்டார்.

ஒரே ஓர் இடத்தில்தான் கதை இடறும். தன் தொகுதி வழியாக ரயில் பாதை வரக்கூடாது என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தவர், வயதான காலத்தில் ஒருநாள் எழுந்து நின்று அதே ரயிலுக்குத் தானே மசோதா கொண்டுவந்தார். கூட இருந்தவர்கள் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டார்கள். ஏன் மாறினார் என்று புத்தகம் எழுதியவருக்கே தெரியவில்லை. “அது ஒண்ணுதான் துரை பண்ண தப்பு” என்று சொல்லிவிட்டு மாமா அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுவார்.

சாயங்கால டீயின்போது எனக்குப் பரீட்சை நடக்கும். துரை பிறந்தது எப்போது, மந்திரியானது எப்போது? சரியாகச் சொன்னால் கமர்கட். துரை பிறந்த தேதியைத் தூக்கத்திலும் சொல்வேன். என் தம்பி பிறந்த தேதியை அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

இனி கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் தெரு புதிதாக மனை போட்ட தெரு. பொது இடம் என்று இருந்தது ஒரு துண்டு நிலம், அதில் ஒரு கிணறு. டவுன்ஷிப் ஆபீசிலிருந்து வந்தவர்கள், கிணற்றைத் தூர்த்து அங்கே ஒரு தொட்டி கட்டிக் குழாய் போட்டுத் தருகிறோம், தெருக்காரர்கள் சம்மதம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சம்மதம் தரவேண்டியது தெரு சங்கம். சங்கத்தின் செயலாளர் என் மாமா.

மாமாவுக்குக் கிணறு வேண்டும். காரணத்தைத் தெருவே அறிந்திருந்தது, நான் மட்டும் அறியவில்லை. எதிர் வரிசையில் குடியிருந்த தையல் டீச்சர் கோவில்பதாகையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடித்துப் போகிறவர். விடிந்ததும் தண்ணீர் இழுக்க வருவார். அதே நேரத்துக்கு மாமா கிணற்றடியில் பல் தேய்ப்பார். வீட்டுக்குள் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தும் அங்கேதான் தேய்ப்பார், பல் தேய்ந்துபோகும் அளவுக்குத் தேய்ப்பார். கிணறு போனால் அவருக்கு அந்தக் காலைகள் போய்விடும். நானோ, துரையின் கொள்கையைக் காப்பாற்ற மாமா தனியாக நின்று போராடுகிறார் என்று நம்பினேன்.

சங்கக் கூட்டம் ஞாயிறு காலையில் கிணற்று மேடையருகே நடக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் கறிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருப்பார்கள். எனவே ஆண்கள் மட்டும் வருவார்கள். மாமா துரையின் புத்தகத்தைப் படித்தவர். நேரத்தைக் குறித்தவரும் அவரே. குழாய்க்கு வரப்போகும் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்குமோ என்று ஒரு கூட்டம். உப்பை ஆராயக் கமிட்டி போட ஒரு கூட்டம். கமிட்டியில் ஒருவர் ஊருக்குப் போயிருப்பதால் ஒத்திவைப்பு.

சங்கத் தலைவர் பூந்தமல்லிக்காரர், தெருமுனையில் விறகுத்தொட்டி வைத்து விறகு விற்ற பாய். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாது. “இன்னா செகரெட்ரி, கெணத்த கட்டிக்கினே குடித்தனம் நட்த்தப் போறியா?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கிணற்றை எப்படிக் கட்டிக்கொள்வது என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

குழாய் வந்த வருடக் கோடையில் கிணறு வெகுவாக இறங்கிவிட்டது. கயிற்றோடு இன்னொரு கயிறு முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மாமா எழுந்து “இத இன்னும் ஆழமா பரிசீலிக்கணும்” என்று தொடங்கியபோது, தையல் டீச்சர் இடுப்பில் குடத்தோடு நேராகக் கூட்டத்துக்குள் வந்து நின்றார்.

“ஆழமாதான் கீது, எட்டிப் பாருங்க” என்றார். பிறகு கயிற்றை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். “நாலு கொடம் இழுத்துக் குடுத்துட்டு அப்புறம் ஒத்திவையுங்க சார். நான் தெனம் இழுத்துட்டுதான் பஸ்ஸுக்கு ஓடறேன்.”

மாமா இழுத்தார். ஸ்டோர்ஸில் பேனா பிடித்த கை. முதல் குடத்துக்கே சட்டை நனைந்தது. இரண்டாவதில் வாளி சுவரில் மோதிப் பாதித் தண்ணீர் உள்ளே போயிற்று. அதற்குள் அரைத்த மசாலா கையோடு பெண்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “மாமே, மொதல்ல பல்லு வெளக்கிட்டு வந்து இழு” என்று யாரோ ஒருத்தி குரல் கொடுத்தாள். மூன்றாவது குடத்தில் முடிச்சு கையை அறுத்தது. மாமா கயிற்றை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு டீச்சரின் கையைப் பார்த்தார். அவர் கையில் அதே இடத்தில் காய்த்துப்போயிருந்தது. அத்தனை காலை அங்கே நின்றும் மாமா அதைப் பார்த்திருக்கவில்லை.

நாலாவது குடத்தையும் இழுத்து வைத்தார். அப்புறம் ஈரச் சட்டையோடு தலைவர் பக்கம் திரும்பினார்.

“பாய், எழுதிக்குங்க. கெணத்த தூத்துடலாம். குழா போட்டுரலாம். நானே முன்மொழியறேன்.”

“கமிட்டி?” என்றார் பாய், முகத்தை மாற்றாமல்.

“கமிட்டி கலைஞ்சி போச்சி.”

தெருவே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து குப்புறப் படுத்துக்கொண்டேன். மாமா துரை செய்த அந்த ஒரே தப்பைத் தானும் செய்துவிட்டார், இனி கூட இருந்தவர்கள் பேசமாட்டார்கள், சரித்திரம் அவரை மன்னிக்காது என்று எனக்கு அழுகை வந்தது. மாமா மட்டும் நிம்மதியாகத்தான் இருந்தார். ஆனால் கிணற்றில் மண் விழுந்த அன்று சாப்பாட்டில் மனம் செல்லாமல் பாதியில் எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து வீட்டுக் கொல்லையில் பல் தேய்த்தார், சீக்கிரமே முடித்துவிட்டார்.

குழாயில் தண்ணீர் வந்த முதல் நாள், செப்டம்பரில் என்று மறுபடியும் சொல்கிறேன், தெருவே குடங்களோடு வரிசையில் நின்றது. தண்ணீருக்குக் குடத்தோடு ஓர் ஆண் நின்றதை அன்றுதான் எங்கள் தெரு பார்த்தது. மாமா எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தோடு விடியுமுன்பே போய் முதலிடம் பிடித்திருந்தார். கூடவே நானும்.

டீச்சர் பையும் குடையுமாக வேகமாக வந்தார். எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைத்தார்.

“எனக்கு பஸ் வந்துடும். இதையும் புடிச்சி எங்க ஊட்ல குடுத்துடறீங்களா?”

“குடுத்துடறேன்” என்றார் மாமா. குரல் துரை மாதிரி கம்பீரமாக இல்லை.

தண்ணீர் வந்தது. மாமா எங்கள் குடத்தை நகர்த்திவிட்டு டீச்சர் குடத்தைக் குழாயடியில் வைத்தார். நம் குடம்தானே முன்னால் வந்தது என்று நான் சண்டை போட்டேன். வரிசையில் இருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

நேரே அம்மாவிடம் போய்ப் புகார் செய்தேன். “மாமா தோத்துட்டு வந்ததும் இல்லாம, அடுத்தவங்க ஊட்டுக்குத் தண்ணி வேற தூக்குறாரு!”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னாள். யார் குடம், யார் கேட்டது, மாமா என்ன பதில் சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் துரையின் தேதிகளைப் போல ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கேட்டு முடித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, பஞ்சாங்கம் எங்கே, நல்ல நாளாக ஒன்று பாருங்கள் என்றாள்.

ஒரு குடம் தண்ணீர் பிடித்ததற்கு எதற்காக நல்ல நாள் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.