சப்பாத்தைக் கழற்றச் சொன்ன காலை

சங்கீத வகுப்புக்குக் காசில்லாமல் சாமான் சேர்ப்பதில் என்னைப் போல் கெட்டிக்காரி இல்லை என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகிப் போனபோது, சங்கீத அறை என்று எனக்குக் காட்டியது ஒரு வகுப்பறையின் பாதியை. நடுவில் ஓர் அலுமாரியை இழுத்துப் போட்டு மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கணக்குப் பாடம், இந்தப் பக்கம் நாங்கள். இருந்த ஒரே வாத்தியம் ஓர் ஆர்மோனியம். அதன் துருத்தியையும் எலி கடித்து வைத்திருந்தது. பாடசாலை அதிபரிடம் கேட்டால், "பாத்துச் செய்வோம் டீச்சர்" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. பதுளைக் கடைத்தெருவில் நான் சாமான் வாங்கும் பலசரக்குக் கடை முதலாளியிடம் வெறும் பிஸ்கட் டின்களும் கண்ணாடிப் போத்தல்களும் கேட்டேன். "டீச்சர், நீங்க நடத்துறது பாட்டு கிளாஸா, பழைய போத்தல் யாவாரமா?" என்று சிரித்தார். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கென்று ஒரு பை ஒதுக்கி வைத்திருப்பார். பஸ்ஸில் அது கலகலக்கும்போது கண்டக்டர் முறைப்பார். நானும் திருப்பி முறைப்பேன்.

டின்கள் மேளமாயின. தேங்காய்ச் சிரட்டைகள் தாளமாயின. சுருதிக்கு என் கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த ஒரு செயலி. ஏழு போத்தல்களில் அளந்து தண்ணீர் ஊற்றினால் ஏழு சுரம். அதற்கு ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளைதான் பொறுப்பு. நான் செயலியைப் பார்த்துச் சரிபார்ப்பதற்குள் அவள் காதாலேயே கேட்டு, ஒரு மூடி தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ சரியாக நிறுத்திவிடுவாள். இவள் கையில் ஒரு நல்ல வாத்தியம் கிடைத்தால் என்ன ஆவாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஏக்கம்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அது முழு உண்மையில்லை. நான் கொண்டு வந்தேன் என்று பெயர் வாங்கவும் ஆசைப்பட்டேன்.

பாடசாலைகளுக்கு வாத்தியங்கள் கொடுக்கும் ஒரு குழு கொழும்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதினேன். வகுப்பின் படங்களை அனுப்பச் சொன்னார்கள். வேறொரு தோட்டத்தில் படிப்பிக்கும் சிநேகிதியிடம் யோசனை கேட்டேன். "படத்தப் பாத்தா கஷ்டம் தெரியணும்டி. இல்லாட்டி ஒண்ணும் வராது" என்றாள். நானும் தலையாட்டினேன்.

அப்படியிருந்தும் முதல் நாள் பிள்ளைகளிடம், "நாளைக்குப் படம் புடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். படம் பிடிக்கிறார்கள் என்றால் லயத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் காலை அத்தனை பேரும் எண்ணெய் வழிய வாரிய தலையோடு, முகம் நிறையப் பவுடரோடு வந்து நின்றார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டில் இரவல் வாங்கிய வளையல்கூட இருந்தது. போத்தல் வாசிக்கும் பிள்ளை புது வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள். வருசப் பிறப்புக்கென்று அவள் அம்மா எடுத்து வைத்திருந்ததாம். "அம்மா இன்னைக்கே போட்டுக்கச் சொன்னாங்க டீச்சர்" என்று காலைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தப் படத்தை அனுப்பினால் கல்யாண வீடு என்றல்லவா நினைப்பார்கள்! போத்தல்களோடு அவள்தான் முன்வரிசையில் உட்கார வேண்டும். "சப்பாத்தக் கழட்டிரும்மா" என்றேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. கழற்றி, காலுறைகளை மடித்து உள்ளே வைத்து, கதவுக்குப் பின்னால் ஜோடியாக வைத்துவிட்டு வந்தாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்தாள். பவுடரைக் கைக்குட்டையால் நானே துடைத்தேன். "சிரிக்க வேணாம்" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது என் கையை நானே வெறுக்கிறேன்.

படம் வேலை செய்தது. அடுத்த பள்ளித் தவணையில் ஒரு கீபோர்டும் தபேலாவும் மூன்று வயலின்களும் வந்து இறங்கின. கையளிக்கும் விழாவுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயரப் பதாகை ஒன்று கட்டியிருந்தது. அதில் அந்தப் பிள்ளை, வெறுங்காலோடு, சிரிக்காமல்.

அவள் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அன்று வேலைக்குப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பதாகை முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், அன்னைக்கு இவ சப்பாத்து போட்டுக்கிட்டுத்தானே வந்தா?"

கோபமாகக் கேட்கவில்லை. தனக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதோ என்பதுபோலக் கேட்டார்.

"போட்டுக்கிட்டுத்தாம்மா வந்தேன்" என்றாள் பிள்ளை. என்னைப் பார்க்கவில்லை. "அழுக்காயிரும்னு நாந்தான் கழட்டி வச்சிட்டேன்."

"படம் புடிக்கிறப்ப யாராச்சும் கழட்டுவாங்களாடி? ஊரே பாக்குது, சப்பாத்து வாங்கிக் குடுக்க நாதியில்லாதவன்னு என்னையத்தான நெனைப்பாங்க?" என்று அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்திருக்கும். அவள் தலையைத் தடவிக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "வெவரமில்லாதவ, மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார்.

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதிபர் பக்கத்தில் நின்றார், வந்திருந்த விருந்தாளிகள் நின்றார்கள்.

"பரவால்லைங்க, விடுங்க" என்றேன். "சின்னப் புள்ளதானே, தெரியாமச் செஞ்சிருச்சு."