சுக்கு பிஸ்கட்டும் அவுக நாக்கும்

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருசம் என் சமையல்ல குத்தம் கண்டுபிடிச்சாக. நான் பள்ளிக்கூடத்து டீச்சர், அவுகளும் என்னைய அப்படித்தான் கூப்பிடுவாக. ரசத்துல புளி தூக்கல், பொரியல்ல உப்பு மந்தம், "என்ன டீச்சர், கருவாட்டக் குளிப்பாட்டி விட்டியா, வாசத்தையே காணோம்?" நானும் வாயப் பொத்திக்கிட்டு இருக்குற ஆள் இல்ல. "அம்புட்டு ருசி வேணும்னா நீங்களே வந்து கிண்டுங்க"ன்னு கரண்டிய டங்குன்னு வைப்பேன். எங்க வீட்டுல சாப்பாடு போட்டாச்சுங்கிறது அந்தச் சத்தத்துலயே பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சுரும்.

அவுக திராட்சை வெவசாயி. பந்தலுக்குக் கீழ குனிஞ்சு போயி ஒரு பழத்தப் பிச்சு வாயில போட்டுட்டு "இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்"னு சொன்னா நாலு நாள்தான். அஞ்சாவது நாள் பழம் தேனா இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கூட, அறுக்கலாமா வேணாமான்னு கேக்க இவுகளத்தான் கூட்டிட்டுப் போவாக. அப்பேர்ப்பட்ட நாக்கு. அந்த நாக்குக்குத்தான் நான் பள்ளிக்கூடமும் போய்க்கிட்டு மூணு வேளையும் ஆக்கிப் போட்டேன்.

போன வருசம் வயித்துல கட்டின்னு தெரிஞ்சது. மதுரையில ஆபரேசன் பண்ணி, மூணு வாரத்துக்கு ஒருக்க மருந்து ஏத்த ஆரம்பிச்சாக. மொத ரெண்டு தடவ தாங்கிட்டாக. மூணாவதுக்கு அப்புறம் ஒரு வாய் எறங்கல. அடுப்படியில கடுகு வெடிச்சா போதும், முன் ரூம்புல இருந்து ஓங்கரிக்கிற சத்தம் கேக்கும். நாலாவது மருந்து ஏத்தி அனுப்புறப்ப டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. "இப்ப நாப்பத்தெட்டே முக்கால் கிலோ இருக்காரு. அடுத்த தடவ நாப்பத்தெட்டுக்குக் கீழ வந்தா மருந்து ஏத்த முடியாதும்மா. ஒடம்பு தாங்காது."

அந்த முக்கால் கிலோதான் அதுக்கப்புறம் என் பொழப்பே. கஞ்சி வச்சேன், எளநி வாங்கினேன், ஈரல் சூப்பு வச்சேன். எல்லாம் வாளியிலதான் போச்சு. ஆஸ்பத்திரி நர்சு ஒரு யோசனை சொல்லியிருந்துச்சு. "காலையில எந்திரிச்ச ஒடனே வெறும் வயித்துல, இஞ்சி போட்டது ஏதாவது காஞ்சதா மொறுமொறுன்னு குடுத்துப் பாருங்கக்கா. சிலருக்கு நிக்கும்." உத்தமபாளையத்துல ரெண்டு பேக்கரியில ஏறி எறங்கினேன். ரஸ்க் இருக்கு, வர்க்கி இருக்கு, இஞ்சி போட்டது எதுவும் இல்ல.

எங்க பள்ளிக்கூட நூலகத்து பீரோவுல ஒரு இங்கிலீசு சமையல் புத்தகம் கெடந்துச்சு. யாரோ தானமாக் கொடுத்தது. கேக்கு, ரொட்டி, பிஸ்கட்டு எல்லாம் படம் போட்டு இருக்கும். யாரும் எடுத்துப் படிச்சதா ரெஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து கெடையாது. அதுல மொறுமொறு இஞ்சி குக்கீஸுக்கு ஒரு பக்கம் இருந்துச்சு, படத்துல பிஸ்கட்டு மேலெல்லாம் கரிசக்காடு மாதிரி வெடிப்பு விட்டு. அந்தப் புத்தகத்துக்கு மொதக் கையெழுத்து நான் போட்டேன்.

பெங்களூர்ல இருக்குற மக வாங்கிக் குடுத்த ஓவன் ஒண்ணு வீட்டுல இருக்கு. ஒரு நாள் கூட அதுல எதையும் சுட்டதில்ல. மிக்ஸி ஜாரு, பழைய மூடி எல்லாம் வைக்கிற அலமாரியாத்தான் அது இருந்துச்சு. அம்புட்டையும் வெளிய எடுத்துத் தொடச்சேன். மைதா, வெண்ணெ, நாட்டுச் சக்கரை, முட்டை, ஆப்ப சோடா. ஏதோ கறுப்புப் பாகு ஊத்தச் சொல்லியிருந்துச்சு. அதுக்கு நான் கம்பம் டவுனுல போயா தேடுவேன்? கருப்பட்டியக் காச்சி வடிகட்டி ஊத்தினேன். சுக்குப் பொடி ரெண்டு கரண்டின்னு இருந்துச்சு, டப்பாவுல இருந்து அள்ளிப் போட்டேன். மாவப் பெசஞ்சு, அரை மணி நேரம் பிரிட்ஜுல வச்சு, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டித் தட்டுல வச்சேன்.

வெந்ததும் எடுத்தா அழுத்தின எடம் அமுங்குது. அடப் பாவமே, கொழகொழன்னு போச்சேன்னு நெனச்சேன். ஆறுனாத்தான் இறுகும்னு புத்தகத்துல கீழ பொடி எழுத்துல போட்டிருந்ததப் பெறகுதான் பாத்தேன். கால் மணி நேரத்துல ஒண்ண ஒடச்சேன். படக்குன்னு ஒடஞ்சது. எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு.

ருசி மட்டும் பாக்கல. தவக்காலம் அது. சாம்பல் புதன் அன்னைக்கே கோயில்ல முழங்கால் போட்டு நேந்திருந்தேன். இந்த நாப்பது நாளும் இனிப்பு ஒரு துணுக்கு என் வாயில படாது ஆண்டவரே, அவுகளுக்குச் சோறு எறங்கட்டும். அதனால வெரல்ல ஒட்டினதக் கூட நக்காம கொழாயில கழுவினேன்.

மறுநாக் காலையில கட்டில்லயே உக்கார வச்சு ஒண்ணக் குடுத்தேன். கடிச்சாக. மொறுக், மொறுக்குன்னு வீடு பூராக் கேட்டுச்சு. வாளியக் கையில புடிச்சுக்கிட்டு நான் நிக்கிறேன், வாளிக்கு வேலை வரல. ரெண்டாவதுக்குக் கை நீட்டுனாக. நாலு தின்னாக அன்னைக்கு. அதவிட எனக்குப் பெரிய அதிசயம், ஒரு குத்தம் சொல்லல. மகளுக்குப் போன் போட்டு, "உங்க அப்பா வாயில இருந்து ஒரு நொட்டை வரலடி! கல்யாணமான நாள்ல இருந்து இன்னைக்குத்தான் செயிச்சேன்"னு சத்தம் போட்டுச் சிரிச்சேன். அவளும் அழுதுக்கிட்டே சிரிச்சா. அவுக கட்டில்ல இருந்து அதப் பாத்துக்கிட்டே இருந்தாக.

பத்து நாள் இப்படிப் போச்சு, பிஸ்கட்டு நின்னுச்சே ஒழிய சோறு கஞ்சி எறங்கல. ரெண்டாந்தட்டு, மூணாந்தட்டு சுட்டேன். பெருமை தாங்காம ஒரு டப்பாவுல போட்டு ஸ்டாப் ரூம்புக்கு எடுத்துட்டுப் போனேன். எங்க பள்ளிக்கூடத்துத் தமிழம்மா ஒண்ணக் கடிச்சுச்சு. அப்படியே மூஞ்சி கோணிப் போச்சு. "என்ன டீச்சர், பிஸ்கட்டா, கசாயமா? மல்லியும் மெளகுமா வருது?"

அந்த எடத்துலயே எனக்கு வெளங்கிருச்சு. எங்க வீட்டுல சுக்குப் பொடின்னா சுக்கு மட்டும் கெடையாது. சுக்கு, மல்லி, மெளகு, திப்பிலி எல்லாம் சேத்து மில்லுல அரச்சு வச்சிருப்போம், சுக்குக் காப்பிக்கு. வாயில வர்றது சுக்குப் பொடிதான். இத்தன வருசமும் அப்படியே சொல்லிப் பழகி, கை தானா அந்த டப்பாவுக்குப் போயிருக்கு. வேற ஒரு மனுசன் வாயில வைக்க மாட்டான் அத. ரசத்துல ஒரு பல்லு பூண்டு கூடிப் போனாக் கண்டுபிடிக்கிற ஆளு, பத்து நாளா வாயத் தொறக்காம தின்னுருக்காக.

தமிழம்மா பதறிப் போயி, "பரவால்ல டீச்சர், ஒடம்புக்கு நல்லதுதான்"னு சமாளிச்சுச்சு. எனக்குக் காது கேக்கல. அன்னைக்கு ஒம்பதாங் கிளாசுல கணக்குப் போட்டுக்கிட்டே நின்னேன், என்ன போட்டேன்னு தெரியாது. அவுக நாக்கு செத்துப் போச்சு. இம்புட்டு நாள் கூடவே இருந்து எனக்குத் தெரியல. நான் செயிச்சுட்டேன்னு சிரிச்சிருக்கேன் பாருங்க, அத நெனச்சா இப்பவும் என்னைய நானே அறையணும் போல இருக்கு.

வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்கல. இன்னும் அஞ்சு நாள்ல மதுரைக்குப் போகணும். திங்கிறத ஏன் கெடுப்பானேன்னு அதே பிஸ்கட்டக் குடுத்தேன். அதே மாதிரி தின்னாக.

ஆஸ்பத்திரியில செருப்பக் கழட்டிட்டு மெஷின் மேல ஏறுனாக. நான் குனிஞ்சு பாத்தேன். நாப்பத்தேழே கால். "மெஷின் சரியில்ல, வேற கொண்டாங்க"ன்னு நர்சுகிட்டச் சண்டைக்குப் போனேன். வேற மெஷின்லயும் அதேதான். டாக்டர் மருந்து ஏத்தல. இன்னும் ரெண்டு வாரம் தேத்திக் கூட்டிட்டு வாங்க, அப்பப் பாப்போம்னாரு. பாப்போம்னு சொல்றப்ப அவரு என்னையப் பாக்கல.

திரும்பி வர்ற பஸ்சுல ஆண்டிபட்டி வரைக்கும் அடக்கிக்கிட்டேன். அதுக்கு மேல என்னால முடியல. "அந்த பிஸ்கட்டுல மல்லியும் மெளகும் கெடந்துச்சு. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டேன். கேட்டதே கத்துன மாதிரிதான் வந்துச்சு. முன் சீட்டுக்காரங்க திரும்பிப் பாத்தாக.

அவுக வெளியவே பாத்துக்கிட்டு, "எதப் போட்டாலும் மண்ணு மாதிரிதான் இருக்கு, டீச்சர். ரெண்டு மாசமாச்சு. இது கடிச்சாச் சத்தமாவது வருது"ன்னாக. அப்புறமா, "போன்ல அம்புட்டு சந்தோசமாப் பேசுன. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்"னாக.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா சேலையக் கூட மாத்தல. வர்ற வழியில கடையில சுத்தச் சுக்கா வாங்கியிருந்தேன். அத உரல்ல போட்டு, இருக்குற கோவத்த எல்லாம் காட்டி இடிச்சேன். ரெண்டு கரண்டி சொன்ன எடத்துல அஞ்சு போட்டேன். போதாதுன்னு பச்ச இஞ்சியயும் துருவிப் பிழிஞ்சு ஊத்துனேன். செத்த நாக்கையும் எழுப்பிரணும்னு ஒரு வெறி. சுட்டு எடுத்து, ஆறுனதும் மொதப் பிஸ்கட்ட நானே தின்னேன். நேர்ச்சையாவது ஒண்ணாவது. கேட்டதக் குடுக்காத ஆண்டவருக்கு நான் மட்டும் எதுக்கு வாயக் கட்டணும்? தொண்டை தீயா எரிஞ்சு கண்ணுல தண்ணி கொட்டுச்சு. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சும் அடங்கல.

ஒண்ணத் தட்டுல வச்சுக் கொண்டு போயி அவுக முன்னாடி நீட்டுனேன். கடிச்சாக. மென்னாக. இரும வேண்டாமா? மூக்காவது ஒழுக வேண்டாமா? ஒண்ணும் இல்ல. பச்சத் தண்ணி குடிக்கிற மாதிரி முழுங்குனாக.

நான் தட்டப் புடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். "எப்படி இருக்கு?"ன்னு வாய் கேட்டுருச்சு.

அவுக தல நிமிந்து என் மூஞ்சியப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. பெறகு, பழைய மாதிரி ஒதட்டப் பிதுக்கிக்கிட்டு, "என்னத்த சுட்ட போ. இஞ்சி பத்தல, டீச்சர்"னாக.