தட்டில் வைத்த தலை

வெனிஸில் ஓவியர் வீட்டுத் துணி வெளுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒர்சேத்தா பதினோரு வருஷமாக அந்த எண்ணெய்க் கறைகளோடு மல்லுக்கட்டுகிறாள். கப்பலுக்குப் போன புருஷன் மெனிகோ ஏழு வருஷமாகத் திரும்பவில்லை. கோர்ஃபு தீவில் காய்ச்சலில் செத்தான் என்று இரண்டு பேர் பங்குச்சாமியார் முன்னால் சத்தியம் செய்த பிறகுதான் மறுமணத்துக்கு அனுமதி கிடைத்தது. மாப்பிள்ளை, படச்சட்டம் செய்யும் பஸ்தியான். கோயிலில் இரண்டு ஞாயிறு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை நாளைக்கு. நாற்பது வயதில் கல்யாண ஆசையா என்று கேட்டவர்களிடம், "ஆமா, உங்களுக்கு ஏன் எரியுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சனிக்கிழமை காலை வெளுத்த துணிகளோடு ஓவியர் ஸோர்ஸியின் கூடத்துக்குள் போனாள். பெரிய படம் சட்டத்துக்காகச் சுவரில் சாய்ந்திருந்தது. எகிப்துக்காரர்கள் சீசரிடம் அவருடைய எதிரி பாம்பேயின் தலையைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். வெட்டிய தலை வரும் வேளையில் வானமெல்லாம் ரோஜா நிறம், மூலையில் ரிப்பன் கட்டிய நாய்க்குட்டி. பிரபு வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கான படம். சாப்பாடு இறங்க வேண்டுமே.

தட்டைப் பார்த்ததும் கூடை கைநழுவியது. பிளந்து ஒட்டிய புருவம். பாதி அறுந்த இடது காது. மெனிகோவின் தலை.

"ஐயா, இந்தப் பொணத்த எங்க பாத்து வரைஞ்சீங்க?"

"பொணமா? அது என்னமா குறட்டை விட்டுச்சு தெரியுமா? போன மாசம் மூணு நாள் இந்த பெஞ்சுலதான் படுத்துக் கெடந்தான். சோளக்களி போட்டே மாளல."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறானே என்ற சந்தோஷம் வரவில்லை. நாளைய ஓலை என்னாவது? பஸ்தியானுக்கு எப்படிச் சொல்வது?

அவனே சட்டத்தைச் சுமந்துகொண்டு வந்தான். எழுந்து படத்தை மறைத்து நின்றாள். அவன் அவளை மெல்ல விலக்கிப் பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"காதை இப்படியேவா வரைவாங்க? கொஞ்சம் முடிய இழுத்து மூடிடுங்க ஐயா."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அவனுக்குப் படோவாவுல வேற குடும்பம் ஆயிடுச்சு, ஒர்சேத்தா. நானும் அவனும் உக்காந்து பேசி முடிச்சோம். செத்தவனாவே இருந்துக்கிறேன்னுட்டான். சாட்சிக்கு ஆள் புடிச்சுக் குடுத்ததே அவன்தான்."

"ரெண்டு பேரும் பேசி முடிச்சீங்க. என்கிட்ட யாருடா கேட்டா?"

ஓவியர் தூரிகையோடு காதருகே போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க ஐயா. பங்குச்சாமியாரக் கூட்டிட்டு வரேன். அவரும் ஒரு தடவ பாக்கட்டும்."

"அப்ப நம்ம கல்யாணம்?" என்றான் பஸ்தியான்.

அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.